மின்னிக்கு ஒரு தொட்டி

மெர்வ் டோலியிடம் இருந்தது ஒரே ஒரு நகைச்சுவைதான். அதையே வருடக்கணக்காகச் சொல்லி ஓட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கூடத்து மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைக் காட்டுவார். உள்ளே இரண்டு தாடி ஓணான்கள். ஆணுக்கு டியூக் என்று பெயர். முள் தாடியும் அகன்ற முதுகுமாக, சூட்டு விளக்குக்கு நேர் கீழே மரக்கட்டையில் படுத்திருப்பான். அவனுக்கு அடியில் மின்னி. அவளுடைய தலையும் ஒரு கையும்தான் வெளியே தெரியும்.

"பாத்தியா? இதான் நானும் லோர்னாவும்," என்பார் மெர்வ். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தேநீர் கொண்டுவரும் லோர்னா கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவர்கள் இருந்த புரோக்கன் ஹில்லில் ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில் லோர்னா செத்துப்போனாள். ஓணான்கள் அப்போது தூக்கத்தில் இருந்தன. குளிர்காலம் முழுக்க அவை தின்னாமல் கொள்ளாமல் சுருண்டுகிடக்கும். செப்டம்பரில் வெயில் ஏறியதும் இரண்டும் கண் விழித்தன. அவற்றை ஆசைப்பட்டு வாங்கியவள் லோர்னா, தீனி போட்டவளும் அவள்தான். ஆயுள் முழுக்கச் சுரங்கத்தில் கிடந்த மெர்வுக்கு, அவற்றின் தீனியான கரப்பான் பூச்சிகள் இருக்கும் டப்பாவை எப்படித் திறப்பது என்றுகூடத் தெரியாது. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சுவிட மிச்சமிருந்தது அவை இரண்டும்தானே.

ஆனால் டியூக் விழித்தது கெட்ட வேளை. தாடி கறுத்துப்போய், தலையை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு மின்னியை மூலைக்கு மூலை விரட்டினான். ஒருநாள் காலையில் அவள் வால் நுனியைக் காணோம். மெர்வ் அவளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

மருத்துவர் ஹேலி, மகள் வயதுகூட இல்லாத பெண். "ரெண்டையும் ஒரே தொட்டியிலயா வச்சிருக்கீங்க?" என்றாள்.

"ஆரம்பத்துலேருந்தே அப்படித்தாம்மா. ஒண்ணுமேல ஒண்ணுக்கு உசிரு. கட்டிப்பிடிச்சுக்கிட்டேதான் படுத்திருக்கும்."

"அது பாசமில்ல மெர்வ். விளக்கு எனக்குத்தான்னு அவன் ஏறிப் படுக்கிறான். அடியில கெடக்குற இவளுக்குச் சூடும் இல்ல, வெளிச்சமும் இல்ல. தாடையத் தொட்டுப் பாருங்க, எலும்பு ரப்பர் மாதிரி வளையுது. ஆமா, கை ஆட்டுவாளா?"

"ஓ! வர்றவங்களுக்கெல்லாம் ஹலோ சொல்லுவா," என்றார் மெர்வ் பெருமையாக.

"ஹலோ இல்ல. நான் அடங்கிட்டேன், என்னை ஒண்ணும் செஞ்சிடாதேன்னு கெஞ்சுறா." ஹேலி மின்னியைத் துண்டில் திரும்பச் சுற்றினாள். "இன்னிக்கே பிரிச்சிடுங்க. ஒண்ண ஒண்ணு பாக்காத மாதிரி வேற அறையில வைங்க. இல்லன்னா இவ பொழைக்க மாட்டா."

மெர்வுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேற்று முளைத்தது, ஜோடியைப் பிரிக்கச் சொல்கிறதா? பிரித்தால் ஏங்கியே செத்துவிடாதா? வீட்டுக்கு வந்தவர் மின்னியைப் பழையபடி டியூக்கின் தொட்டியிலேயே விட்டார். என்ன மனுஷன்! கேட்க வேண்டியதைக் கேட்காமல் அடிலெய்டில் இருந்த மகள் கெரினுக்கு போன் போட்டு நியாயம் கேட்டார்.

"டாக்டர் சொன்னா பிரிச்சிடுப்பா."

"உங்கம்மா ஒண்ணா வச்சுத்தானே வளத்தா? அவளுக்குத் தெரியாததா?"

"அம்மா ரெண்டு தொட்டி கேட்டாங்கப்பா," என்றாள் கெரின்.

"எப்போ? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"சொன்னாங்க. நீ சிரிச்ச. அப்புறம் கத்தின. ஷெட்டுல பழைய கூடாரத்துக்குப் பின்னாடி போய்ப் பாரு."

அவர் போகவில்லை. போனை வைத்துவிட்டு, வீம்புக்கு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில் மின்னியின் பின்னங்கால் ஒன்றில் பாதம் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் சிவந்திருந்தது. டியூக் அவள் முதுகில் ஏறி, கண்ணை மூடிச் சுகமாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். அடப்பாவி என்று மெர்வ் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதை யாரைப் பார்த்துக் கத்தினார் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஹேலி கட்டுப்போட்டு அனுப்பிய பிறகு ஷெட்டுக்குப் போனார். கூடாரத்துக்குப் பின்னால் பழைய படுக்கை விரிப்பு போட்டு மூடியபடி ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கழுவித் துடைத்து வைத்த தொட்டி. உள்ளே மரக்கட்டை, தண்ணீர்க் கிண்ணம், பிரிக்காத அட்டைப் பெட்டியில் சூட்டு விளக்கு. பெட்டியின் நிறம் வெளுத்துப்போகும் அளவுக்குப் பழசு. எல்லாம் தயாராக இருந்தது. வீட்டுக்குள் கொண்டுவரத்தான் லோர்னாவுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது ஞாபகம் வந்தது. "ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி போதும்டி, ஜோடிய எதுக்குப் பிரிக்கிற?" என்று அவர் கத்தியதும், அவள் ஒரு கையை மெல்லத் தூக்கி, "சரி மெர்வ், சரி," என்றதும். அவள் எப்போதும் அப்படித்தான் கையைத் தூக்குவாள். மெர்வ் தூசியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

தொட்டியை லோர்னாவின் தையல் அறையில் வைத்து, மின்னியை அதில் விட்டார். காயத்துக்கு மருந்து, கரப்பான்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி, பொடியாக நறுக்கிய பூசணி, வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல் என்று ஹேலி சொன்னதில் ஒன்று விடவில்லை. கூடத்தில் டியூக் அவளைத் தேடினானா என்றால், இல்லவே இல்லை. இரண்டு பங்கு தின்றான், கட்டை முழுக்கப் பரத்திக்கொண்டு தூங்கினான். ஒரு நாளாவது திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்த மெர்வுக்கு அது தாங்கவில்லை.

மின்னி பல நாள் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்தாள். பிறகு ஒரு பகலில், மூன்று காலால் தத்தித் தத்திக் கட்டையில் ஏறி, விளக்குக்கு நேர் கீழே வயிற்றைத் தட்டையாக விரித்துப் படுத்தாள். சாம்பல் பூத்த உடம்பில் மஞ்சள் ஏறியிருந்தது. இந்த நிறத்தில் அவளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. வாசலில் நின்று பார்த்த மெர்வுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது.

"அடி என் தங்கமே!" என்று வேகமாகப் போய்க் கண்ணாடிமேல் குனிந்தார்.

அவர் நிழல் விழுந்ததும் மின்னி உடம்பை ஒடுக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே ஒரு கையைத் தூக்கி, மெல்ல, மிக மெல்ல ஆட்டினாள்.

"இல்லடி, நான்தான்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். ஓசைப்படாமல் பின்வாங்கி, வாசலைத் தாண்டி நின்றார். மின்னி கையைக் கீழே வைக்கும்வரை அவர் அங்கிருந்து அசையவில்லை.