லூப்பேக் வேணுமா, வேணாமா

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு வெப்பநிலை பதியும் பெட்டிகளைச் செய்துதரும் சின்ன கம்பெனியில் லோயிஸுக்கு வேலை. பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தின் கருவை, அதாவது கெர்னலை, அவள்தான் எழுதியிருந்தாள். வேண்டாததை வெட்டி அதை இளைக்க வைப்பதில் அவளுக்குத் தனி சந்தோஷம். அந்த வாரம் லூப்பேக்கின் மேல் கண் விழுந்தது.

ஒரே கணினிக்குள் இருக்கும் புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இருக்கும் வழிதான் லூப்பேக். செய்தி எந்த ஒயரிலும் வெளியே போகாது. அனுப்பிய கணினிக்கே திரும்பி வந்துவிடும். பெட்டிக்குத்தான் நெட்வொர்க்கே கிடையாதே என்று லோயிஸ் அதைத் தூக்கிவிட்டாள். பெட்டி முன்பைவிட வேகமாகக் கிளம்பியது. ஆனால் திரையில் வெப்பநிலை வரவில்லை. சூட்டை அளக்கும் புரோகிராமும் அதைத் திரையில் காட்டும் புரோகிராமும் லூப்பேக் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தன. அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

எரிச்சல் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. யதுகிரி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால்!

திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தபோது இருவரும் ஒரே அறை. யதுகிரி கோவிந்தராஜர் கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காக இரண்டு பேரும் சொந்தமாக ஒரு கெர்னல் எழுதினார்கள். அதில் லூப்பேக் இருந்தே ஆகவேண்டும் என்று யதுகிரி பிடிவாதம் பிடித்தாள்.

"ஒத்த மிஷினு, ஒரு ஒயர் கூட இல்ல. இன்னாத்துக்குடி அது? பைப் ஒண்ணு போட்டா ஆச்சு" என்பாள் லோயிஸ். பைப் என்றால் இரண்டு புரோகிராம்களை நேராக இணைக்கும் ஒரு குழாய் மாதிரி.

"லூப்பேக் இல்லாத கெர்னல் ஒரு கெர்னலாடி?" என்பாள் யதுகிரி.

கபில தீர்த்தம் போகும் சாலையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே இதற்காகச் சண்டை போட்டார்கள். மெஸ்ஸில், யதுகிரி சாத்துமது என்று சொல்லும் ரசம் ஆறும்வரை போட்டார்கள். கடைசியில் யதுகிரி சொன்னபடியே எழுதிக் கொடுத்தார்கள். சோதிக்க வந்தவரோ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கெர்னலோட பேரு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு வேலை, கல்யாணம், குழந்தைகள். சண்டை எதுவும் இல்லாமலே பேச்சு நின்றுபோயிருந்தது.

லோயிஸ் போனில் அந்த எண்ணைத் தேடி எடுத்தாள்.

"யதுகிரி, லூப்பேக்கை எட்த்துட்டேன். ஸ்க்ரீன் செத்துப்போச்சு."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "அடிப்பாவி! இன்னும் அதையே புடிச்சுண்டு இருக்கியா? தொடாதே, நான் வரேன்."

சனிக்கிழமை யதுகிரி திருப்பதி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொஞ்சம் பருத்திருந்தாள், நெற்றியில் அதே மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. நலம் விசாரிப்பதெல்லாம் பாதியில் நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், யாரும் கேட்காமலே இரண்டு புரோகிராம்களுக்கும் நடுவில் ஒரு பைப் போட்டாள். திரையில் வெப்பநிலை வந்தது.

"நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரி, லோயிஸ். கெர்னலுக்கு லூப்பேக் தேவையே இல்லை."

லோயிஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள். "கெர்னலுக்கு வேணாம்டி. மேல ஓடறதுங்களுக்கு வேணுமே? நாளைக்கு வேற யாரோ எழுதினத கொண்டாந்து போட்டா, அது லூப்பேக்கத்தான் தேடிகினு நிக்கும். நான் திருப்பி வெக்கப்போறேன்."

"என்னடி, கட்சி மாறிட்டே?"

"நீ மட்டும் இன்னாவாம்?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கே லூப்பேக் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

பஸ் நிலையத்தில் ஒரு திருப்பதி பஸ்ஸைப் பேச்சுவாக்கில் விட்டுவிட்டார்கள். அடுத்ததில் ஏறிய யதுகிரி, வண்டி நகரும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து ஏதோ கத்தினாள். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. லோயிஸ் அங்கேயே நின்று போன் போட்டாள்.

"இன்னா சொன்னே?"