சாவியை எடுத்த பிறகும்

"போனைக் குடுண்ணா."

மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்த ஆல்பின் நிமிர்ந்து பார்த்தான். எங்கள் வீட்டில் அண்ணன் போனை நான் கேட்கக் கூடாது. அம்மா எனக்குப் போட்ட சட்டங்களில் முதல் சட்டம் அது. அவன் சம்பாதிக்கிற ஆம்பளை, அவன் போனில் ஆயிரம் இருக்கும். நானும்தான் சம்பாதிக்கிறேன். என் போனை யார் வேண்டுமானாலும் எடுத்து நோண்டலாம்.

"இன்னாத்துக்கு?"

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. காலையில் கள்ளக்குறிச்சி பேட்டரிக் கடையில் பார்த்ததற்குப் பிறகு என்னிடம் பொறுமை மிச்சமில்லை.

நான் ஓட்டுகிற பைக் எப்போதும் திங்கட்கிழமைதான் சாகும். சனிக்கிழமை மலையிலிருந்து நல்லபடியாக இறங்கி சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்கு நடந்தே போவோம், அது வாசலில் நிற்கும். மறுநாள் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது மாடல், கிக்கர் கிடையாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் பெட்ரோல் ஏற்றுகிற பம்புக்கும் கரண்டு வேண்டும்.

கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போய் ஊற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குப் பாட்டிலில் பிடித்து வருவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். கெமிஸ்ட்ரி. பாதி ஊருக்கு பஸ் கிடையாது. இன்னொரு திங்கட்கிழமை வராமல் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று வெள்ளிமலை ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

"லைட்ட அணைக்காம வுட்டிருப்ப," என்பான் ஆல்பின். சாவியை எடுத்தால் தானாக அணைகிற லைட்டை எப்படி அணைக்காமல் விடுவது? போன முறை அவனே கம்மி விலையில் பெயர் தெரியாத பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டினான். மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான். "ஒத்துவராத வேலைய வுட்டுடும்மா."

இன்றைக்கும் செத்திருந்தது. சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று ஆபீஸுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, எங்கும் நிறுத்தாமல் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டினேன்.

கடைக்காரர் பூமாலை பேட்டரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புதுசாத்தானம்மா கீது? இது இன்னா கேஸ் சிலிண்டரா, மாத்திக்கினே இருக்க?"

"மாத்துறதுக்கு முன்னாடி இது ஏன் செத்துதுன்னு பாருங்கண்ணே. சாவிய எடுத்துட்டு மீட்டர் வைங்க."

"சாவிய எடுத்தப்புறம் கரண்டு எங்கம்மா போவும்?"

"வைங்கண்ணே."

ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தார். சைபரை ஒட்டி நிற்க வேண்டிய எண் ஏறிப்போய் நின்றது. இருவரும் குனிந்து பார்த்தோம். சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை, ஆனாலும் வண்டி எதையோ குடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கை மயிர் கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத கசிவை ஒரு மீட்டர் பிடித்துக் காட்டுவதைக் கல்லூரி லேபிலும் பார்த்திருக்கிறேன். அங்கே அது மார்க்குக்கு.

அவர் சீட்டுக்கு அடியில் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். முடிவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருந்தது.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "வண்டி எங்க போவுதுன்னு போன்ல காட்டும்மா இது. மட்டமான சரக்கு, ஜாஸ்தி இழுக்குது. வூட்ல யாருனா மாட்டுனாங்களா?"

ஒயர் முடிச்சின் மேல் சுற்றியிருந்த மஞ்சள் டேப்பை எனக்குத் தெரியும். ஆல்பின் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன். அவன் வேலைப் பையில் அது எப்போதும் இருக்கும்.

"வெட்டிப் போட்டுடட்டா?"

"வேணாம். இருக்கட்டும். நல்ல பேட்டரியா ஒன்னு காட்டுங்க."

பெரிதாகப் போட்டால் தாங்கும் என்றார். பெரியது அந்த இடத்தில் உட்காராது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிற அளவையே கேட்டேன். எடுத்து வைத்ததில் போன வருஷத் தேதி குத்தியிருந்தது. அலமாரியில் கிடந்தே கிழடான சரக்கு. திருப்பிக் கொடுத்தேன்.

"மாப்பிள்ள பாக்குறவங்ககூட இத்தினி பாக்க மாட்டாங்க."

"பாக்காததாலதாண்ணே அப்புறம் அழுவுறாங்க."

அடுத்தது இரண்டு மாதத்துக்கு முன் செய்தது. மீட்டரில் பன்னிரண்டே முக்கால் வோல்ட்டைத் தாண்டி நின்றது. வாரண்டி கார்டில் டயானா என்று என் பெயரை எழுதச் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டேன். வெள்ளிமலை ஆபீஸுக்குப் பின்னால், எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் ஓட்டிய ஆபீஸ் வண்டி பேட்டரி இல்லாமல் நிற்கிறது. அதை ஒட்டி ஒரு காலி அறையும் உண்டு. வண்டியின் மாடலைச் சொன்னேன். "இது அதுக்கும் சேருமா?"

"கரெக்டா உக்காரும்மா."

அதை வண்டியில் மாட்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது ஆல்பின் முன்னால் நின்றேன். "நீ மாட்டுனத பாத்துட்டேன். அது உனக்குக் காட்றத எனக்கும் காட்டு."

அவன் வெட்கப்படவில்லை. கையைக் கழுவினான். "ஆமா, மாட்டுனன். காட்டுல ஒண்டியா சுத்திக்கினு கீற. எதுனா ஆச்சுனா எங்க வந்து தேடுறது? அப்பாவுக்கும் தெரியும்."

அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டியையே பார்த்தாள். அவளுக்கும் தெரியும்.

போனைத் திறந்து, அதை மாட்டிய நாள் முதல் இன்று வரைக்கும் தேதி தட்டிக் கொடுத்தான். கத்துவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். திரையைப் பார்த்ததும் மறந்துபோனது.

ஒரு நீலக் கோடு. சங்கராபுரத்தில் கிளம்பி, அடிவாரத்தில் மடிந்து மடிந்து ஏறி, வெள்ளிமலைக்கு மேல் நூறு கோடாகப் பிரிந்து போயிருந்தது. அங்கே வரைபடம் வெறும் பச்சை. ரோடு இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. நான் போன கோடு மட்டும் இருந்தது. கோடு நின்ற இடமெல்லாம் ஒரு புள்ளி. இந்தப் புள்ளியில் ஊற்றில் பாட்டிலை முக்கி விரல் மரத்துப்போனது. அந்த வளைவில் மரவள்ளி லாரி கவிழ்ந்து, சாமைக் கொல்லை வரப்பில் வண்டியை உருட்டிச் சுற்றிப் போனேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன் என்றுதான் நினைத்திருந்தேன். மொத்தத்தையும் ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. ஒரு மலையையே கையால் தடவிப் பார்த்தது போல இருந்தது அது.

அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கரும்பு வெட்ட அவர் போகாத ஊர் இல்லை, மலை மட்டும் ஏறியதில்லை. "இத்தினியும் நீயா போன? ரோடே காட்டலியே."

"ரோடு இல்லப்பா."

அம்மா விரலை நீட்டித் தொட்டாள். படம் நகர்ந்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் புள்ளி எங்க நிக்குதுன்னுதான் பாப்பேன்," என்றான் ஆல்பின், குரல் இறங்கி. "இப்பிடி மொத்தமா போட்டுப் பாத்ததில்ல."

கொஞ்ச நேரம் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்புறம் அப்பா நிமிர்ந்தார். "போதும்மா. இவ்ளோ தூரம் பொம்பளப் புள்ள போவ வேணாம்."

ஆல்பின் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "வண்டி என் பேர்ல கீது."

"வெச்சுக்க. பேட்டரி என் பேர்ல கீது."

வாசலுக்கு வந்து ஸ்பேனரால் சீட்டைக் கழற்றினேன். பேட்டரியிலிருந்து முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு. பச்சை விளக்கு அணைந்தது.

"டயானா, புள்ளி நின்னுடுச்சு," என்றான் உள்ளேயிருந்து.

"எங்க நிக்குது?"

"வூட்டாண்டயேதான்."

கடையிலிருந்து வந்ததுமே துணிகளைக் கட்டி வைத்திருந்தேன். பாட்டில் பையின் நடுவில் பேட்டரியை நிமிர்த்தி வைத்தேன். இத்தனை சின்னதுக்கு அத்தனை கனம். அம்மா வாசற்படிக்கு வந்தாள். "சோறு துன்னுட்டாவது போயேன்."

வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.