ரோஹினி தனியாக நின்ற வரிசை

1

இந்தக் கதை ஒரு நட்சத்திரக் குறியிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. அமெரிக்காவில், ரிச்மண்ட் ஹில்லில் எங்கள் தெருமுனையில் இருக்கும் சார்ட்டர் தொடக்கப் பள்ளியின் ஆண்டறிக்கையில் அதைப் பார்த்தேன். அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பள்ளி அது; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். கறுப்பர், லத்தீனோ, ஆசியர், வெள்ளையர் என்று பிள்ளைகளை வரிசை பிரித்து, வாசிப்புத் தேர்வில் எவ்வளவு பேர் தேறினார்கள் என்று எதிரே போட்டிருந்தது. 'அமெரிக்க இந்தியர்' வரிசையில் மட்டும் எண் இல்லை, ஒரு நட்சத்திரம்.*

* ஒரு வரிசையில் மிகச் சில பிள்ளைகளே இருந்தால் மதிப்பெண்ணை மறைத்துவிடுவார்கள். காட்டினால் எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், குறை சொல்ல மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய ஒரு காலையில் பள்ளி முதல்வர் வெர்னெட்டா காஸ்கின்ஸ் ஜன்னலோரம் நின்றபடி'

வேண்டாம். அந்த அம்மாள் நின்று நான் பார்த்ததே இல்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: வெர்னெட்டா ஆண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். (இது இருக்கட்டும்.)

உரிமக் குழு வியாழக்கிழமை வருகிறது. அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த நட்சத்திரம் உறுத்தியது. நம் பள்ளியில் ஏது செவ்விந்தியக் குழந்தை? தேடிப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு ரோஹினி சுக்தியோ! அம்மா டோலி, கயானாக்காரி, லிபர்ட்டி அவென்யூவில் புலோரி என்ற பருப்புப் போண்டா சுட்டு விற்பவள். முப்பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்பு வெட்டப் போன வம்சம். சேர்க்கையின்போது என்ன இனம் என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இந்தியர், இருப்பது அமெரிக்கா, அப்புறம் என்ன சந்தேகம் என்று 'அமெரிக்க இந்தியர்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள்.

(சிரிக்காதீர்கள். நம்மில் எத்தனை பேனா அந்தக் கட்டத்தருகே தயங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.)

வெர்னெட்டாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. ரோஹினி தேர்வில் தேறவில்லை. ஆசியர் வரிசையோ உரிமத்துக்கு வேண்டிய தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. இவளை அங்கே சேர்த்தால் அது கோட்டுக்குக் கீழே போய்விடும். எந்த வரிசையும் கீழே போகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. நட்சத்திரம் போட்ட வரிசை அந்தக் கணக்கிலேயே வராது.

3

இங்கேதான் நான் வெர்னெட்டாவை ரொம்ப நல்லவளாக்கிவிட்டேன். முதலில் எழுதிய பிரதியில் அவள் அந்த நிமிடமே போனை எடுத்து டோலியை வரச் சொன்னாள். அதை அவளுக்கே படித்துக் காட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"என்னை மாதா கோயில் பொம்மையாக்காதே. ரெண்டு நாள் வாயைத் திறக்காம கம்முனுதான் இருந்தேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். டிக்கை மாற்றும் உரிமை அம்மா அப்பாவுக்குத்தான் உண்டு. டோலிக்குச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பள்ளி பிழைக்கும், அத்தனை பிள்ளைகளுக்கும் இடம் இருக்கும். நானாக இருந்தால் வாயைத் திறந்தே இருக்க மாட்டேன்.

வெர்னெட்டாவை அசைத்தது வேறு விஷயம். பின்தங்கிய வரிசைகளுக்கென்று தனி வாசிப்பு ஆசிரியை வருகிறார். பெயர் வாசித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது ரோஹினி பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். பெயர் வரவில்லை. திரும்ப உட்கார்ந்தாள். நட்சத்திரத்துக்கு யார் ஆசிரியை அனுப்புவார்கள்? வெர்னெட்டா அன்றே டோலிக்கு ஆள் அனுப்பினாள்.

4

டோலி கையில் சூடான புலோரிப் பொட்டலத்தோடு வந்தாள். நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, வெர்னெட்டா வாயெடுப்பதற்குள் அவள் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். போன பள்ளியில் மகள் வாயே திறக்கவில்லையாம். இப்போது பஸ்ஸில் ஒரு போர்டு விடுவதில்லை, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்கிறாளாம். டிரைவரே 'போதும் தாயி' என்கிறானாம்.

வெர்னெட்டா எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். டிக், கோடு, உரிமம், தான் மறைத்த ரெண்டு நாள், எதையும் விடவில்லை. தன் தவறைக் கேட்டு டோலி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த வரிசையில வேற யாரு மிஸ் இருக்கா?"

"யாருமில்ல டோலி. அவ மட்டும்தான்."

டோலியின் முகம் விழுந்துவிட்டது.

"மாத்திடுங்க. தோத்தாலும் எங்க ஜனங்களோட சேந்து தோக்கட்டும். தனியா நிக்க வேணாம்."

"ஸ்கூலையே மூடிட்டாங்கன்னா?"

"மூடினா எல்லாருந்தான் தெருவுல நிப்போம். அந்தக் கூட்டத்துல அவளும் இருப்பால்ல?"

வெர்னெட்டா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் வாசனை அடித்தது. இத்தனை வருட வேலையில் யாருக்கும் இவ்வளவு நன்றிக்கடன் பட்டதில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான். இருவருக்கும் நன்றி சொல்லத்தான் இந்தக் கதையே. மற்றபடி எனக்குக் கதைப் பஞ்சம் எதுவும் இல்லை.

5

வியாழக்கிழமை. யாரும் கேட்பதற்கு முன்பே வெர்னெட்டா திருத்திய எண்ணைக் குழுவின் முன் வைத்தாள். ஆசியர் வரிசை கோட்டுக்குக் கீழே. ஏன் என்பதையும் சொன்னாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு

இதற்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உரிமம் கிடைத்தது, படித்தபோது எனக்கே கூசியது. மற்றதில் கிடைக்கவில்லை, மனசு கேட்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். தலைவர் நாற்காலியில் இனி நீங்கள்தான் உட்கார வேண்டும்.

கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: ரோஹினியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.