மாத்திரைக்கு மாத்திரை

அச்சகத்தில் பிழை திருத்திய காலத்தில் அவருக்குக் ‘கமா’ என்று பட்டப்பெயர். யாரையும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல விடமாட்டார், நடுவில் மறிப்பார். இப்போது அவருடைய வாக்கியங்களே பாதியில் அறுந்து போயின. வெறும் சுவரைக் காட்டி எறும்பு ஊர்கிறது என்றார். குளியலறை வாசலில் ஒருமுறை விழுந்தார்.

மகன் முடிவு கட்டிவிட்டான். அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது, முதியோர் இல்லம்தான் சரி. காலியாகப் போகும் அறைக்கு நடைப்பயிற்சி இயந்திரம்கூட வாங்கிவிட்டான், அது உறை பிரிக்காமல் கூடத்தில் காத்துக் கிடந்தது. பாக்கி, முதியோர் மருத்துவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கமாவுக்கு மருத்துவர்கள் மேல் மதிப்பு போய் வெகுநாள் ஆகிறது. இதயக்காரர் கணினித் திரையிடம்தான் நலம் விசாரிப்பார். நரம்புக்காரர் மகனிடம் பேசுவார், பக்கத்தில் இருப்பது நாற்காலி என்பதுபோல. முதியோர் மருத்துவரான இந்த அம்மாவும் அதே ரகம்தான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“ஐயா, இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுதா?”

“எங்க வீட்ல எல்லாக் கிழமையும் மாத்திரைக் கிழமைதான்.”

“பாத்தீங்களா மேடம்?” என்றான் மகன்.

மருத்துவர் மகனைப் பார்க்கவில்லை. கமாவை எழுந்து கதவுவரை நடந்து திரும்பச் சொன்னார். குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பிறகு மாத்திரைப் பையை மேசையில் கொட்டினார்.

“இதுல முதல்ல வந்தது எது?”

மகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளைக் காட்டுகிறவன் போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். “முதல்ல பிரஷருக்கு இது. அப்புறம் கால் வீங்கிச்சு, விடல மேடம், உடனே சிறுநீரக டாக்டர். நீர் பிரியறதுக்கு இது. அதுல அடக்க முடியாம போச்சு, அதுக்கு வேற டாக்டர், அடக்குறதுக்கு இது. அப்புறம்தான் ஞாபகம் குழம்புச்சு, சுவத்துல எறும்பு ஊருதுன்னாரு. அதுக்கு இது. எதுக்குமே ஸ்பெஷலிஸ்ட் இல்லாம விட்டதில்ல.”

“ரொம்ப நல்லா பண்ணீங்க,” என்றார் மருத்துவர். “முதல் மாத்திரையால கால் வீங்கியிருக்கு. அதை யாரும் மாத்தல. வீக்கத்துக்கு ஒண்ணு, அது செஞ்ச தொல்லைக்கு ஒண்ணு. அந்த அடக்குற மாத்திரை வயசானவங்களுக்கு மூளையக் குழப்பும், எறும்பெல்லாம் காட்டும். கடைசியா குடுத்தது நாடித்துடிப்பக் குறைக்கும், மயங்கி விழ வைக்கும். இது நோய் மாதிரியே தெரியல எனக்கு. மருந்தக் குறைச்சுப் பாக்கலாம். ஒண்ணொண்ணா, ஒரே நாள்ல இல்ல.”

“இத்தனை படிச்சவங்க,” என்று கமா தொடங்கினார். நிறுத்தினார். வாக்கியம் நழுவப் பார்த்தது, பிடித்துக்கொண்டார். “முன்னாடி ஆளு போட்ட தப்புக்கு மேலயே எழுதிட்டுப் போயிருக்காங்க. எங்க அச்சகத்துல வேலைய விட்டுத் தூக்கியிருப்போம்.”

“அப்போ இல்லம்?” என்றான் மகன்.

“இப்போதைக்கு நான் எதையும் சொல்ல மாட்டேன். தலை தெளியட்டும், மறுபடி பாப்போம்.”

வாரங்கள் போயின. முதலில் எறும்புகள் சுவரை விட்டன. பிறகு கால் செருப்புக்குள் நுழைந்தது. மறுபடி பார்த்த அன்று கமா கிழமையோடு தேதியையும் சொன்னார், கேட்காமலே. இல்லத்துப் பேச்சு அங்கேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகன் கூடத்தில் நின்று தலையைச் சொறிந்தான். “இந்த மெஷின இப்போ எங்கப்பா வைக்கிறது?”

கமா நனைந்த துண்டை உதறி அதன் கைப்பிடியில் காயப் போட்டார்.

“இருக்கட்டும்டா. இந்த வீட்ல வாங்கினதுல பக்கவிளைவு இல்லாதது இது ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கப் போனார்.