ஆறு குடிவந்த வீடு

"கட்டிலை அந்தப் பக்கம் இழுங்க. ஆறு வந்திருக்கு."

"எந்த ஆறு?"

"ஊர்ல ஒம்போது ஆறா ஓடுது? கறுப்பா, நுரை தள்ளிக்கிட்டு, அதேதான்."

தையல்காரி இப்படிச் சொன்னதும் புருஷன் எழுந்து கட்டிலை இழுத்துப் போட்டான். சாயக் கழிவில் கறுத்துப்போன ஊரின் ஒரே ஆறு, படுகையை விட்டு எழுந்து, இரண்டு மாடி ஏறி, அவர்களுடைய பின்னறையில் படுத்திருந்தது. தப்பு அவளுடையதுதான். 'ஆற்றைக் காப்போம்' என்று ஊர்வலத்துக்குப் பதாகை தைத்தவள், நாலு பேர் பார்ப்பார்களே என்று கீழ் ஓரத்தில் தன் விலாசத்தையும் தைத்துவிட்டாள். அந்த வாசகத்தை நம்பியது ஊரிலேயே ஆறு ஒன்றுதான்.

முதல் வருஷம் ஊரே படியேறி வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கண்கலங்கினார்கள். கண் காய்வதற்குள் படம் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றுக்காக எல்லோரும் புதிதாகச் சாயம் போட்ட நீலச் சட்டை அணிந்தார்கள். மறுநாள் ஆறு நீலமாக இருமியது. அடுத்த வருஷம் நீலத் துணியைச் சீந்த ஆளில்லை. மரங்களுக்காகப் பச்சை கேட்டார்கள். பிறகு புகைக்காகச் சாம்பல் நிறம். பழைய பதாகைகள் வண்டி துடைக்கப் போயின. காலியான படுகையில் கார் நிறுத்தக் கோடு போட்டார்கள். துணி கொடுக்க வந்தவர்கள் பின்னறையை எட்டிப் பார்த்து, செத்த எலியைப் பற்றிக் கேட்பதுபோல, "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்றார்கள்.

அவள் வைத்திருந்தாள். தினமும் காலையில் நுரையை வழித்துக் கொட்டினாள், ஜன்னலைத் திறந்து வெயில் காட்டினாள். ஆனாலும் ஆறு இளைத்துக்கொண்டே வந்தது. அறை நிறையப் படுத்திருந்தது கட்டிலுக்கடியில் ஒடுங்கியது. பிறகு ஒரு வாளிக்குள் அடங்கியது. புருஷன் ராத்திரி எழுந்தால் அதை மிதிக்காமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டான்.

ஊர்வலச் சங்கத்தின் தலைவர் இந்தக் கோடையிலும் வந்தார். வாளியைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை தண்ணிப் பஞ்சம்மா. பாத்தா வயிறு எரியணும், அப்படி ஒரு நிறம் எடு."

அவள் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள்.

"எடுக்கறேன் அண்ணே. உங்க வீட்டுத் தோட்டத்துல மண்ணு இருக்குல்ல? இங்க சிமெண்ட் தரை, ஆத்துக்கு ஒத்துக்கல. நாளுக்கு நாள் வத்துது. ஒரே ஒரு வாரம் அங்க வந்து படுத்துக்கட்டுமா?"