திறக்கப்படாத லேப்டாப்

கடைக்குள் நுழைந்ததுமே, வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்கிற மெஷின்காரர் பார்த்தது அந்தப் பெண் இன்றைக்கு லீவா என்றுதான். லீவு இல்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் அதே பச்சைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தாள். வேறு யாரிடமாவது போகலாமென்றால், மற்ற இருவரும் ஒரு டி.வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் சரியில்லை என்றால் இப்படித்தான்.

இங்கே மனைவிக்கு லேப்டாப் வாங்கிய அன்று இவளிடம் அவர் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "கூடுதல் பாதுகாப்புத் திட்டத்துல சேர்ந்துக்கறீங்களா சார், விழுந்தாலும் உடைஞ்சாலும் நாங்க பாத்துக்குவோம்" என்று பாவம், ஒழுங்காகத்தான் கேட்டாள். "இந்த ஊர் வாஷிங்மெஷின் எல்லாம் என் கையாலதான் ஓடுது. எங்கிட்டயே இதை விக்கறியாம்மா?" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். பக்கத்தில் நின்ற மனைவி அவர் சட்டையை லேசாக இழுத்தாள். "சேர்ந்துக்கலாங்க, என் பொழப்பே இதுலதான்" என்றாள். டாக்டர்கள் பேசி அனுப்புகிற பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

இருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம், மூடி தொளதொளவென்று ஆடுவதாக அவருக்குத் தோன்றிவிட்டது. அடிப்பக்கத்தைக் கழற்றி, மூடியைத் தாங்குகிற கீலின் திருகை, வாஷிங்மெஷின் கதவுக்கு முறுக்குகிற முறுக்கு முறுக்கினார். அங்கே இரும்பு, தாங்கும். இங்கே திருகு உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக்கில். மூடியைத் திறந்ததும் படக்கென்று ஒரு சத்தம், கீலோரம் விரிசல். எல்லாவற்றையும் மாட்டி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வேலைக்குப் போய்விட்டார். பயத்தில் அதற்குப் பிறகு அந்த மூடியைத் தொடவேயில்லை. மனைவி வந்தாள், திறந்தாள், வேலை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பாளே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். என்றைக்காவது மூடி கையோடு வந்துவிடும். அதற்குள் திட்டத்தில் சேர்ந்துவிட்டால், அப்புறம் உடைந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் அவர் போட்ட திட்டம். "சாஃப்ட்வேர் ஏதோ போடணுமாம்" என்று வீட்டில் புளுகிவிட்டு எடுத்து வந்திருந்தார்.

அந்தப் பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் பழசைக் கிளறவில்லை. கிளறியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சேர்ற தேதி முடிஞ்சு போச்சே சார்."

"ஏதாவது வழி இருக்கும்ல, பாரும்மா." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இருக்கு. லேட்டா சேர்றவங்கன்னா நாங்க பொருளைப் பாக்கணும். இதுவரைக்கும் திறக்கல, உடையலன்னு வாங்கினவங்க உறுதி சொல்லணும். நீங்க எதுவும் கழட்டலியே?"

"சேச்சே."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். "மேடம் பேர்ல இருக்கு சார். அவங்க போனுக்கு அந்த உறுதியும் ஒரு நம்பரும் வந்திருக்கும். கேட்டுச் சொல்லுங்க, சேர்த்துடறேன்."

இதை அவர் யோசிக்கவே இல்லை. பில் போடும்போது "உன் பேர்லயே இருக்கட்டும்" என்று பெருந்தன்மை காட்டியவரும் அவர்தான். வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டார்.

"இப்பதாங்க வந்துச்சு" என்றாள் அவள். பிறகு, தொழிலில் பழகிய குரலில், ஒரு சொல் விடாமல் வாசித்தாள். "'இந்தக் கருவி இதுவரை திறக்கப்படவில்லை, சேதமடையவில்லை என உறுதியளிக்கிறேன்.'" கொஞ்சம் நிறுத்தினாள். "உறுதியளிக்கிறது நானாங்க?"

இதற்குள் அந்தப் பெண் சோதித்துப் பார்க்க மூடியை முழுசாகத் திறந்திருந்தாள். விரிசல் விட்ட இடத்தில், தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. விரலில் காயம் பட்டால் போடுகிற அதேதான். கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, மூடினால் வெளியே தெரியாதபடி ஒட்டியிருந்தது. ஓரங்களில் அழுக்கேறியிருந்தது.

அப்படியானால் இத்தனை நாளும் மனைவிக்குத் தெரியும். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தெரியாத மாதிரி வேலை பார்த்திருக்கிறாள். அவர் முகம் வாடிவிடக் கூடாதென்று. அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பார்.

"இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

"நம்பரைச் சொல்லட்டுமா? நீங்க சொல்லச் சொன்னா சொல்றேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள் அவரைப் பார்க்காமல் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டால் எதையும் சொல்லிவிடுவாள் மனைவி, தன் பேரில் ஒரு பொய் உட்பட. அது அவருக்குத் தாங்கவில்லை.

"வேணாம்" என்றார் போனில். பிறகு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, எதிரில் நின்றவளிடம் சொன்னார். "நான்தாம்மா கழட்டினேன். முறுக்கி உடைச்சதும் நான்தான்."

"அப்ப சேர்க்க முடியாது சார்" என்றாள் அவள், மெல்ல.

மறுமுனையில் மனைவி இன்னும் லைனில்தான் இருந்தாள். அந்தப் பெண், தூக்கிக்கொண்டு நின்ற பிளாஸ்திரியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல் மூடியை இறக்கினாள்.