மணி கேட்காத கரை

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் "நீங்கள் என்ன ஆக்கள்?" என்று நேரே சாதியைக் கேட்பது மரியாதை இல்லை. அதனால் முதலில் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால், எந்தக் கோயிலடி என்பார்கள். கத்தோலிக்கரும் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வதால், கேள்வி எல்லோருக்கும் பொருந்தும். அதற்குப் பிறகு, பாட்டனார் என்ன செய்தவர் என்று அன்பாக விசாரிப்பார்கள். அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லாமல் ஆளை எடைபோட்டு முடிந்துவிடும்.

மார்க்கஸுக்கு இது நன்றாகத் தெரியும். அக்கா நிலூஜா விரும்பிய பெடியன், கையில் இருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்தக் கேள்விகளில் அடிபட்டுப் போனதை ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியிலுள்ள இதே வீட்டில் இருந்து பார்த்தவன் அவன். ஆனால் இன்று அவனுக்குப் பயமில்லை. அவன் கூட்டிவந்திருக்கும் ரொவெனா பிலிப்பைன்ஸ்காரி. ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் தாதி. ஞாயிறு பூசை தவறாதவள். அவளுடைய ஊரில் எந்தப் பக்கம் எப்படிப்பட்டது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அம்மா சம்மதித்து ஒரு "ஓம்" சொன்னால் ஜூனில் கலியாணம். அந்த "ஓம்" இல்லாமல் தன்னால் பீடத்தின் முன் நிற்க முடியாது என்பதை ரொவெனாவிடம் அவன் முன்பே சொல்லியிருந்தான்.

"உன் ஊர் எப்படியிருக்கும், பிள்ளை?" என்று அம்மா எமிலி கேட்டார். வட நொர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது படித்த நொர்வேஜிய மொழி. இன்னமும் வடக்கத்தி இழுவை.

ரொவெனாவின் முகம் மலர்ந்தது. இந்த நாட்டில் அவளிடம் ஊரைப் பற்றிக் கேட்டவர்கள் வெயில் கடுமையா என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள். அவள் மேசையிலேயே ஊரைக் கட்டத் தொடங்கினாள். றோல்ஸ் பலகாரத் தட்டு கோயில். கரண்டி ஆறு. மேசைவிரிப்பின் நீலக்கரை கடல்.

"பலாவிகன் சின்ன ஊர். முந்தி ஆட்கள் ஆற்றோரமாகச் சிதறி இருந்தார்கள். ஸ்பானியக் குருக்கள் வந்து கோயில் கட்டி, மணி கேட்கும் தூரத்துக்குள் எல்லோரையும் குடியிருக்கச் சொன்னார்கள். அப்போது கடற்கொள்ளைக்காரர் வருவார்கள். கோபுரத்தில் நிற்பவன் கப்பல் பாயைக் கண்டால் மணி அடிப்பான். எல்லோரும் கோயிலுக்குள் ஓடுவார்கள். சுவர் இவ்வளவு தடிப்பு."

"மணி கேட்காத இடத்தில் இருந்தவர்கள்?"

"அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்."

"ஐயோ பாவம்" என்றார் எமிலி. "கோயிலுக்குப் பக்கத்தில் யார் இருந்தது?"

"நிலக்காரர். கல் வீடுகள், தென்னந்தோப்புகள்."

"ஆற்றுக்கு அந்தப் பக்கம்?"

சோபாவில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா செபஸ்ரியன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அப்போதுதான் கேள்விகள் எங்கே போகின்றன என்று மார்க்கஸுக்குப் புரிந்தது.

"அங்கே சதுப்பு. மூங்கில் வீடுகள். கடலில் மூங்கில் நட்டு மீனுக்கு வேலி போடுவார்கள்" என்று ரொவெனா விரலால் கோடு இழுத்தாள். "கடல் வற்றின நேரம் நீங்கள் பார்க்க வேண்டும். நீர் ஏறும்போது மீன் வேலியோரமாக வரும். வேலி சேரும் இடத்தில் ஒரு வட்ட அறை. மீனை யாரும் துரத்துவதில்லை. அது தானாகவே முன்னுக்கு நீந்திப் போகும். திரும்பத்தான் தெரியாது."

"கெட்டிக்காரர்" என்றார் எமிலி. "உன் வீடு எந்தப் பக்கம்?"

"கோயிலடியிலை அம்மா" என்று மார்க்கஸ் தமிழில் பாய்ந்தான். "கல் வீடு. தோப்பும் இருக்காம்."

எமிலி அதை அப்படியே நொர்வேஜிய மொழியாக்கி ரொவெனாவிடம் கேட்டார். "கோயிலுக்குப் பக்கமா? கல் வீடாமே?"

ரொவெனா மார்க்கஸைப் பார்த்தாள். பிறகு சோஸ் போத்தலை எடுத்து, கரண்டிக்கு மற்றப் பக்கம், மேசையின் விளிம்பில் வைத்தாள்.

"இல்லை. இங்கே. மணி கேட்காது. தாத்தா வேலி கட்டினவர். அப்பா மீன் பிடிப்பார். அம்மா கூடையில் வைத்து விற்பாள்."

"என்ன வடிவான ஊர்" என்று எமிலி சிரித்தார். சிரிப்பு மாறாமலே கணவரிடம் தமிழுக்குத் திரும்பினார். "கேட்டியளே இஞ்சேருங்கோ? உலகம் சுத்தி உங்கடை மோன் தேடிப் பிடிச்சது இதைத்தான்."

"நீயும் பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டினனீதானே" என்றார் செபஸ்ரியன்.

"நான் வெட்டினது சம்பளத்துக்கு. இது பிறப்பு."

செபஸ்ரியன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மார்க்கஸ் மேசைவிரிப்பின் நீலக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எமிலி எடுத்து வைத்திருந்த பீங்கான் கோப்பைகளில் ஒன்றை அலுமாரிக்குள் திருப்பி வைத்தார். எப்போதோ பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய, பலூன் படம் போட்ட கடதாசிக் கோப்பை ஒன்றில் ரொவெனாவுக்குக் கோப்பி வந்தது. போகும்போது றோல்ஸைப் பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். "பெட்டியைத் திருப்பித் தரத் தேவையில்லை, பிள்ளை." அந்த வீட்டில், மறுபடி வர வேண்டியவர்களுக்கு மூடி போட்ட நல்ல பாத்திரத்தில்தான் கொடுப்பார்கள். பாத்திரம் திரும்பி வரும்போது ஆளும் வருவார்.

ரொம்மன் நிலக்கீழ் ரயில் மேடையில் காற்று கடித்தது.

"அம்மாவுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது" என்றான் மார்க்கஸ். "கொஞ்ச நாள் போகட்டும்."

"கோயிலடி வீடுகளுக்கு என் அம்மா பின்கதவால்தான் போவாள்" என்றாள் ரொவெனா. "மீன் கூடை மூடியைத் தடியால்தான் திறப்பார்கள். கையில் பட்டுவிடுமாம். புது ஆள் யாரும் வந்தால் அவர்களும் இப்படித்தான் கேட்பார்கள். எந்த ஊர், ஆற்றுக்கு எந்தப் பக்கம். உன் அம்மா கோயிலுக்குப் பக்கத்தில் யார் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது."

"பிறகேன் எல்லாவற்றையும் சொன்னாய்?"

"நீ என்ன செய்வாய் என்று பார்க்க. 'அம்மா, போதும்' என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீ என்னைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல் வீட்டுக்குள் வைத்தாய்."

"உனக்காகத்தான் ரொவெனா—"

"அந்த வீட்டில் என் அம்மாவை எங்கே வைத்திருப்பாய்?"

ரயில் வந்தது. பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கை தேடி அமர்ந்தாள்; அவன் பக்கம் திரும்பவில்லை.

மார்க்கஸ் வீட்டுக்குத் திரும்பினான். மேசை துடைக்கப்பட்டிருந்தது. எமிலி அவன் கையிலிருந்த ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்தார். "குளிருக்கை நிண்டனி, இந்தா" என்று பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி நீட்டினார்.

சீனி சரியாக இருந்தது. அவன் குடித்தான்.